கடலாமைக்கு நாம் என்ன செய்ய முடியும்? பாளையங்கோட்டையில் இருந்து ஒரு கேள்வி

பாளைக்காரன்:
போன ஞாயிறு குடும்பத்தோடு திருநெல்வேலிக் கடற்கரையில் இருக்கிற உவரிக்குப் போயிருந்தோம். சுயம்புலிங்கசாமியைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கப்பல் மாதா கோயிலையும் பார்க்க வேண்டும் என்றதால் கரையோரமாகவே நடந்தோம். வழியில் ஓரிடத்தில் காக்காக் கூட்டம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஓர் ஆமை செத்துக் கிடக்கிறது, ஓடு மட்டுமே ஒன்றரை முழம் இருக்கும். மேலே ஒரு காயம்கூட இல்லை. சின்னவள் "இதை யாருப்பா கொன்னது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கையில் இளநீரும் அதில் ஒரு பிளாஸ்டிக் குழலுமாக நின்றுகொண்டிருந்தேன், அது அப்புறம்தான் உறைத்தது.

நாம் கடலில் இருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். வலை வீசுவதில்லை, கப்பல் ஓட்டுவதில்லை. கடலுக்கும் நமக்கும் உள்ள உறவு மீன் குழம்பும் வருஷத்துக்கு இரண்டு தடவை கால் நனைப்பதும்தான். இப்படிப்பட்டவன் கடல் உயிர்களுக்கு என்ன செய்ய முடியும்? "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பீர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதைப் பஸ்ஸின் பின்னாலேயே படித்துவிட்டேன்.

நாங்குநேரி வாத்தியார்:
தம்பி, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பங்குனி ஆமையாகத்தான் இருக்கும், ஆலிவ் ரிட்லி என்று பேப்பரில் போடுகிறார்களே அதுதான். ஜனவரியில் இருந்து மார்ச், ஏப்ரல் வரை முட்டையிடக் கரை ஏறும் காலம். ஒரு தாய் ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடும். அதற்காகத்தான் கரைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சரியாக அந்த இடத்தில்தான் வலையும் இருக்கும்.

மேலே காயம் இல்லை என்றீர்கள் அல்லவா, அதுவே ஒரு பதில். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போக வேண்டும். இழுவை மடியில், அதாவது விசைப்படகு இழுத்துக்கொண்டு போகிற வலையில், சிக்கினால் மேலே வர வழியில்லை, மூச்சுத் திணறிச் சாகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதே, அதுவும் இதே கதைதான். கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இழுவை மடிக்குள் ஒரு கம்பிச் சட்டம் வைத்து, இறால் உள்ளே போகும், ஆமை மேலே திறப்பு வழியாக வெளியேறும் என்பது மாதிரி ஒரு கருவியும் இருக்கிறது. அதை நம் படகுகளில் ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று 2019-ல் இருந்து அமெரிக்கா நம் நாட்டில் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. ஆமைக்காக நாம் அழாவிட்டாலும் டாலருக்காகவாவது அழுகிறோம்.

உவரிக்கரை:
வணக்கம். நான் தொழிலுக்குப் போகிறவன், ஃபைபர் படகு, சிங்கி (பெரிய கல் இறால்) வலையும் சாளை (மத்தி) வலையும். வாத்தியார் சொன்னது சரி, ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையில் பெரும்பாலும் நாட்டுப்படகுதான். விசைப்படகு வெளியில் இருந்து வருகிறது, ராத்திரியில் எங்கள் வலையையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகிறது. ஆமைக்கு எதிரி யாரோ அவன்தான் எங்களுக்கும் எதிரி. இதைச் சொல்லாமல் "மீனவர்களுக்கு விழிப்புணர்வு" என்று எங்கள் ஊரில் பந்தல் போட்டுப் பேசினால் எங்களுக்குக் கோபம்தான் வரும்.

எங்கள் வலையிலும் ஆமை விழாமல் இல்லை. விழும். என் அப்பா காலத்தில் ஆமையின் தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விடுவார், நான் கும்பிடுவதில்லை, ஆனால் விட்டுவிடுவேன். சிக்கல் என்னவென்றால் தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலையில் ஆமை நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டால் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அறுத்த வலையைக் கரையில் உட்கார்ந்து கட்ட ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், அந்த நாள் தொழிலும் போச்சு. அந்த இரண்டு நாள் கணக்கை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று, பாளைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வடிந்த பிறகு ஒரு மாசம் நாங்கள் வலையில் மீனைவிடத் துணிதான் அதிகம் எடுத்தோம். சேலை, வேட்டி, சாக்கு, தலையணை, பூமாலை கட்டிய நாரோடு ஃபோட்டோ ஃபிரேம். அது எந்தப் படித்துறைச் சேலை என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடலில் யாரும் சேலை நெய்வதில்லை.

பாளைக்காரன்:
கோபம் இல்லை அண்ணாச்சி. போன வருஷம் பாபநாசத்தில் தாத்தா திவசத்துக்கு நானும் ஒரு வேட்டியைத் தாமிரபரணி ஆற்றோடு விட்டவன்தான்.

குறிச்சி குசும்பன்:
ஆரம்பித்துவிட்டீர்களா? ஆளுக்கொரு வேட்டியை நினைத்து அழுங்கள். தாமிரபரணியில் ஊர் ஊராகச் சாக்கடை நேரே இறங்குகிறது, அதைக் கேட்க நாதி இல்லை. திவசத்துக்குப் போகிற ஏழை எளியவன் வேட்டியில்தான் கடல் கெட்டுப்போகிறதாம். அதுவும் பாபநாசத்துக்கும் கடலுக்கும் நடுவில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது, கடைசியாக ஸ்ரீவைகுண்டம். கோடையில் அதைத் தாண்டித் தண்ணீரே ஆறு கடலில் சேருகிற புன்னக்காயலுக்குப் போவதில்லை, வேட்டி மட்டும் நடந்தா போகும்?

நாங்குநேரி வாத்தியார்:
குசும்பா, கோடைக்கு நீ சொல்வது சரி. அப்போது வேட்டி கல்லிலும் மதகிலும் சுற்றிக்கொண்டு ஆற்றிலேயே கிடக்கும். பாபநாசத்தில் டன் கணக்கில் துணி அள்ளுகிறார்கள், போய்ப் பார். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எட்டு அணைக்கட்டுக்கும் மேலே ஏறி ஆறு போனது. பல வருஷம் நாம் போட்டுவைத்ததை எல்லாம் ஒரே ராத்திரியில் கொண்டுபோய்க் கடலில் இறக்கியது. ஆறு கடன் வைத்துக்கொள்வதில்லை.

சாக்கடை விஷயத்தில் உன்னோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அதற்கு வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கவுன்சிலர் வரும்வரை வேட்டியை விட்டுக்கொண்டே இருக்கலாம் என்பது மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை.

மீன்குழம்பு மைனி:
ஆண்கள் எல்லாரும் ஆறு, அணை என்று பேசுகிறீர்கள், நான் அடுப்படியில் இருந்து ஒரு கேள்வி கேட்கிறேன். மருமகளுக்குப் பிரசவம் ஆகிப் பத்து நாள். பால் ஊறுவதற்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுக்க வேண்டும் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். மார்க்கெட்டில் கிலோ கணக்கில் குட்டிக் குட்டியாக அடுக்கி வைத்திருக்கிறான். பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, வாங்காமல் வந்தால் வீட்டில் பேச்சு. இது தப்பா?

உவரிக்கரை:
மைனி, பால் சுறா என்பது தனி இனம், வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதைப் பிடிப்பது தப்பில்லை. ஆனால் சந்தையில் எந்தச் சுறாக் குட்டியையும் பால் சுறா என்றுதான் விற்பார்கள். நாளைக்கு ஆள் உயரம் வளர வேண்டியது அந்தத் தட்டில் கிடக்கும். சாளை ஆயிரக்கணக்கில் முட்டை போடும், இந்த வருஷம் குறைந்தாலும் அடுத்த வருஷம் வந்துவிடும். சுறா அப்படி இல்லை, மாசக்கணக்கில் வயிற்றில் சுமந்து விரல்விட்டு எண்ணுகிற குட்டிதான் போடும், பெரிதாவதற்கும் வருஷக்கணக்காகும். எங்கள் அப்பா காலத்தில் வேளா மீன் பிடித்த கதை கேட்டிருக்கிறேன், முகத்தில் ரம்பம் வைத்த மாதிரி இருக்குமே அது. நான் ஒன்றுகூடப் பார்த்தது இல்லை. இப்போது அது புலி, யானையோடு ஒரே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் சாறுதான். மிளகு, பூண்டு தட்டிப் போட்டு வைத்தால் போதும். விலையும் குறைவு, சம்பந்தியிடம் உவரிக்காரன் சொன்னான் என்று சொல்லுங்கள்.

மீன்குழம்பு மைனி:
காரலா? முள் அல்லவா நிறைய.

உவரிக்கரை:
சாறு வடிகட்டித்தானே கொடுக்கப்போகிறீர்கள். முள்ளைப் பூனை பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் வீட்டில் சீலாதான் வேண்டும், பெரிய துண்டுதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். (சென்னைக்காரர்களுக்கு: வஞ்சிரம்.) எல்லாரும் அதையே கேட்டால் எல்லாரும் அதையே விரட்டுவோம். அந்தந்த மாசத்தில் எது மலிவாகக் குவிகிறதோ அதை வாங்குங்கள், எங்களுக்கும் விலை கிடைக்கும். சிங்கியில் வயிற்றில் முட்டை ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லை என்றால் யாரும் அதைக் கரைக்குக் கொண்டுவர மாட்டான்.

மாட்டு டாக்டர்:
நான் கால்நடை மருத்துவர், ராதாபுரம் பக்கம். பாளைக்காரருக்கு நேரடியாக ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை கரையில் ஆமை கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வலையில் இருந்து எடுத்த ஆமை பல சமயம் மயக்கத்தில்தான் இருக்கும், அசையாது, கண் மூடியிருக்கும். அதை மல்லாக்கப் போடக் கூடாது. குப்புற, அதாவது ஆமை நடக்கிற வாக்கிலேயே வைத்து, பின்பக்கத்தை மட்டும் ஒரு சாண் உயரம் வருகிற மாதிரி எதன் மேலாவது தூக்கி வைக்க வேண்டும். நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும். நிழலில் வைத்து, ஈரத் துணி போட்டு, மூக்கை மட்டும் மூடாமல் விட வேண்டும். சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் வரைகூட ஆகலாம். மயங்கிக் கிடக்கும்போதே பாவம் பார்த்துக் கடலில் தள்ளினால் அது மூழ்கித்தான் போகும். படகில் தூக்கிப்போட்ட ஆமைக்கும் இதேதான், உவரிக்கரை அண்ணாச்சி உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

முட்டையைப் பார்த்தால் தோண்டி இடம் மாற்றாதீர்கள். இட்டுச் சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு முட்டையை உருட்டினால் கரு செத்துவிடும். வனத்துறைக்குச் சொல்லுங்கள், பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதா அங்கேயே விடுவதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வனத்துறை நம்பர் கையில் இல்லை என்றால் கடலோரக் காவல் 1093, தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.

கூட்டப்புளி மருமகள்:
டாக்டர், திமிங்கிலம் ஒதுங்கினால்? 2016-ல் மணப்பாட்டில் நடந்ததை டிவியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மாட்டு டாக்டர்:
அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி, பொங்கலுக்கு முன்னால். மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் நடுவில் 80-க்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஏறின. பைலட் திமிங்கிலம் என்கிற கூட்டமாக வாழும் வகை. 1973 ஜனவரியிலும் இதே தூத்துக்குடிக் கரையில் 147 ஒதுங்கின என்று பதிவு இருக்கிறது. 2016-ல் நான் படித்துக்கொண்டிருந்தேன், நண்பர்களோடு பைக்கில் போனேன். மீனவர்கள் ராத்திரி முழுக்கப் படகில் கயிறு கட்டி உள்ளே இழுத்து இழுத்து விட்டார்கள். விட்டது திரும்பி வந்தது. மறுபடி விட்டார்கள், மறுபடி வந்தது. அந்த வகையில் ஒன்றை விட்டு ஒன்று போகாது, கரையில் ஒன்று குரல் கொடுத்துக்கொண்டு கிடந்தால் மற்றவை அங்கேயேதான் சுற்றும். கடைசியில் பாதிக்கு மேல் இறந்தன.

அங்கே மனுஷர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். மேலே ஏறி நின்று செல்ஃபி. மூச்சுத்துளையில் மணல். தண்ணீரில் மிதக்கிற உடம்பு அது, கரையில் கிடந்தால் அதன் எடையே அதன் நெஞ்சை அமுக்கும், வெயிலில் தோல் வெந்துபோகும். எனவே கூட்டத்தை விலக்குவதே பெரிய வைத்தியம். ஈரத் துணி போடுங்கள், தலைக்கு மேலே இருக்கிற மூச்சுத்துளையை மட்டும் மூடாதீர்கள், தண்ணீரும் அதற்குள் போகக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், எலும்பு நழுவிவிடும். நான்கு பேர் கை கோத்து வளையமாக நின்று ஆட்களைத் தள்ளி நிறுத்தினால், அந்த நான்கு பேரும் டாக்டரைவிட அதிகம் செய்தவர்கள்.

குறிச்சி குசும்பன்:
திமிங்கிலம் என்றதும் நினைவு வந்தது. வாட்ஸாப்பில் ஒருத்தன் "அம்பர் இருக்கிறது, கிலோ ஒரு கோடி, பார்ட்டி இருந்தால் சொல்லு" என்று அனுப்பியிருக்கிறான். உவரிக்கரை அண்ணாச்சி, உங்கள் பக்கம் கிடைத்தால் எனக்கும் ஒரு கை.

இழை மட்டுறுத்துநர்:
நகைச்சுவை என்பது புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அம்பர் என்பது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது, அந்தத் திமிங்கிலம் 1972 வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பதால் அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை ஓடு, பவளப் பாறைத் துண்டு எல்லாம் அப்படித்தான். ஷோகேசில் வைக்கப் பவளம் வாங்கி வந்தேன் என்று முன்பு ஓர் இழையில் ஒருவர் படம் போட்டிருந்தார், தயவுசெய்து வாங்காதீர்கள். கூடங்குளம், தாது மணல் இரண்டுக்கும் தனி இழைகள் ஓடுகின்றன, இங்கே இழுக்க வேண்டாம்.

கூட்டப்புளி மருமகள்:
எங்கள் ஊரில் கரைக்கு நேரே பளீரென்று ஒரு ஹைமாஸ் லைட் போட்டார்கள். ஆமைக் குஞ்சு ராத்திரி மணலில் இருந்து வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் ஓடும். லைட் இல்லாத காலத்தில் அது கடல் பக்கம். இப்போது ரோட்டுப் பக்கம். காலையில் நாய் வாயில் பார்த்திருக்கிறேன். ஃபாதரிடம் சொன்னோம், அவர் பூசையில் சொல்லி, கமிட்டியில் பேசி, இந்த மூன்று மாசம் ராத்திரி பத்து மணிக்கு மேல் கடல் பக்கத்து முகத்தை மட்டும் அணைக்கிறார்கள். செலவு ஒன்றும் இல்லை. கரையில் ரிசார்ட், வீடு வைத்திருக்கிறவர்கள் இதைச் செய்யலாம். குஞ்சைக் கண்டால் வாளியில் அள்ளிக் கடலில் கொட்டாதீர்கள், நாய், காக்காவை விரட்டிக்கொண்டு கூடவே நில்லுங்கள், அதுவாக நடந்து போகட்டும்.

பாளைக்காரன்:
எல்லாவற்றையும் படித்துவிட்டு என் மண்டையில் நிற்பது உவரிக்கரை அண்ணாச்சி சொன்ன அந்த இரண்டு நாள் கணக்குதான். நாங்கள் அபார்ட்மென்டில் பன்னிரண்டு குடும்பம். ஆமையை விடுவித்து வலை போனால் எங்களால் முடிந்ததைப் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களா?

உவரிக்கரை:
தப்பில்லை, ஆனால் வேண்டாம். இன்றைக்கு நீங்கள் தருவீர்கள், நாளைக்கு எவனாவது பழைய வலையை அறுத்துவிட்டு ஆமை ஆமை என்பான். எங்கள் ஆளைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நாங்குநேரி வாத்தியார்:
இதற்கு வழி இருக்கிறது. மகாராஷ்டிராவில் காப்புப் பட்டியலில் உள்ள உயிரை வலையை அறுத்து விடுவித்தால், படம் எடுத்துக் காட்டினால் 25,000 ரூபாய் வரை அரசே தருகிறது. குஜராத், அம்மணி உளுவையை, அதாவது திமிங்கிலச் சுறாவை, ஒரு காலத்தில் எண்ணெய்க்காக வேட்டையாடிய கரை. 2001-ல் அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, ஆனால் சட்டத்தால் மட்டும் மாறவில்லை. 2004-ல் மொராரி பாபு என்கிற கதை சொல்லும் சாமியார் "அது பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிற மகள்" என்று ஊர் ஊராகச் சொன்னார். வலைக்கு இழப்பீடும் வந்தது. பிடித்தவர்களே நூற்றுக்கணக்கில் அறுத்து விட்டார்கள். மகளும் வேண்டும், வலைக் காசும் வேண்டும். நம் ஊரில் மகள் கதைக்குக் குறைவில்லை, காசுக்குத்தான் மனுப் போட வேண்டும்.

உவரிக்கரை:
கலெக்டர் ஆபிஸில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கும். நாங்கள் போய் வாயால் சொல்வோம், குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாத்தியார் சொன்ன மகாராஷ்டிரா விவரத்தோடு மனு எழுதித் தர உங்களில் யாருக்காவது கை வரும் என்றால், அதுதான் எனக்கு உதவி. காசு இல்லை.

நாங்குநேரி வாத்தியார்:
எழுதித் தருகிறேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு வேறு என்ன வேலை. ஒரு தடவை கரைக்கு வந்து உங்கள் ஆட்களிடம் கேட்டு, எத்தனை வலை, எத்தனை நாள் என்று குறித்துக்கொண்டு எழுதுகிறேன். கேட்காமல் எழுதிய மனு பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கும்.

பாளைக்காரன் (பன்னிரண்டு நாள் கழித்து):
இழையை மேலே கொண்டுவருகிறேன், ஒரு சின்னச் சிக்கல். மாசி அமாவாசைக்குக் குடும்பமாகப் பாபநாசம் போனோம். முழுக்குப் போட்டதும் ஐயர் வழக்கம்போல "துணியை ஆத்தோட விட்டுருங்கோ" என்றார். நான் விடவில்லை. பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐயர்தான் கடைசியில் "மனசு விட்டா போதும், துணி எங்க போனா என்ன" என்று முடித்துவைத்தார். நாலு பேர் துணியையும் பையில் கட்டிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அம்மா அந்தப் பையை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். குப்பையில் போட்டால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருக்கிறது.

உவரிக்கரை:
பருத்தியா, பாலியஸ்டரா?

பாளைக்காரன்:
மூன்று வேட்டி பருத்தி. ஒரு சேலை என்னவென்று தெரியவில்லை, பளபளப்பாக இருக்கிறது.

உவரிக்கரை:
வேட்டியைக் கொண்டுவாருங்கள். எஞ்சின் துடைக்க எங்களுக்குத் துணி எப்போதும் பற்றாது, பருத்திதான் எண்ணெய் இழுக்கும். சேலையை மைனியிடம் கேளுங்கள், மிதியடி பின்னுவார்கள். ஞாயிறு வாத்தியாரும் வருகிறார், அவரோடு வந்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு மேல் வந்தால் மீனும் இருக்கும், காரல்தான், சீலா கேட்காதீர்கள்.